மொட்டைமாடி வானம்: வாசகர் கேள்வி – பதில்

டீச்சர், '675 மடங்கு பெரிதாகக் காட்டும்' என்று விளம்பரத்தோடு ஒரு தொலைநோக்கி நாலாயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு வாங்கித் தரலாமா?
— ஒரு தந்தை, விருதுநகர்

வேண்டாம். தொலைநோக்கியில் பார்க்க வேண்டியது முன்பக்க வில்லையின் விட்டம், அல்லது உள்ளே இருக்கும் கண்ணாடியின் விட்டம். அது எத்தனை மில்லிமீட்டரோ, ஏறக்குறைய அதன் இரு மடங்குதான் பயன்படும் உருப்பெருக்கத்தின் எல்லை. 60 மி.மீ. வில்லைக்கு 120 மடங்கு. அதைத் தாண்டினால் பிம்பம் பெரிதாகும், கூடவே மங்கும். புதிதாக எதுவும் தெரியாது. அந்த விலைக்குத் தருகிற முக்காலி அதைவிட மோசம். கை பட்டாலே ஆடும். வியாழனைத் தேடித் தேடிச் சலித்துப்போன பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பணத்துக்கு ஒரு பைனாகுலர் வாங்குங்கள். கடையில் 'டென் ஃபிஃப்டி' என்று கேட்டால் போதும்: 10 மடங்கு, 50 மி.மீ. வில்லை. முழங்கையை மாடிச் சுவரில் ஊன்றிக்கொண்டால் நிலாவின் பெரிய பள்ளங்களும் வியாழனின் நான்கு பெரிய நிலாக்களும் தெரியும். கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தில் வெறுங்கண்ணுக்கு ஆறு ஏழு தெரிகிற இடத்தில் டஜன் கணக்கில் தெரியும். மகளுக்கு ஆசை நிலைத்தால், இரண்டு வருடம் சேமித்து 6 அல்லது 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி வாங்கலாம். சான் பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தில் துறவியாக இருந்த ஜான் டாப்சன், கப்பல் சன்னல்களுக்கான பழைய கண்ணாடியைக் கையாலேயே தேய்த்து, பிளைவுட் பெட்டியில் பொருத்தி உருவாக்கிய வடிவம் அது. தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு நிலாவைக் காட்டுவதற்காகவே அவர் அதைச் செய்தார். இன்றைக்கும் கொடுத்த காசுக்கு அதிகம் காட்டுவது அதுதான்.

பௌர்ணமியன்று டெலஸ்கோப் வழியாக போனில் எடுத்த நிலா, வெள்ளைத் தட்டாக இருக்கிறது. பள்ளங்கள் ஏன் தெரியவில்லை?
— கல்லூரி மாணவி, தருமபுரி

பௌர்ணமி நிலாவுக்கு அது நண்பகல். சூரியன் நேர் மேலே நின்றால் நிழல் ஏது? பள்ளமும் மலையும் கண்ணுக்குத் தெரிவது நிழலால்தான். பகலும் இரவும் சந்திக்கிற கோட்டை ஒட்டித்தான் நிழல் நீளமாக விழும்.

இதற்கு உங்கள் வீட்டு தினசரி நாள்காட்டியே போதும். திதி என்பது சூரியனுக்கும் நிலாவுக்கும் இடையிலான கோணம். ஒரு திதிக்கு 12 டிகிரி. அதனால் எந்தத் திதியில் நிலாவின் எந்த இடத்தில் சூரியன் உதிக்கும் என்று சொல்லிவிடலாம். வளர்பிறை பஞ்சமி, சஷ்டியில் தியோபிலஸ், சிரிலஸ், கேத்தரினா என்று மூன்று பள்ளங்கள் வரிசையாக நிற்கும். நவமியில் 'நேர்ச்சுவர்' தெரியும். சுமார் 110 கி.மீ. நீளத்துக்குப் பேனாவால் இழுத்த கறுப்புக் கோடு போலிருக்கும். உண்மையில் சுவரில்லை, சாய்வான சரிவுதான். காலைச் சூரியனில் அதன் நிழல் அப்படிக் காட்டுகிறது. தசமியில் கோப்பர்நிக்கஸ். 93 கி.மீ. அகலப் பள்ளம், படிப்படியாக இறங்கும் உட்சுவர், நடுவில் சிகரங்கள். எனக்கு நிலாவில் மிகப் பிடித்த இடம் இதுதான். ஏகாதசியை ஒட்டி 'வானவில் விரிகுடா' என்ற சமவெளியின் மலை வளைவு இருட்டில் தனியே பொன்னாக மின்னும். ஒரு திதி முன்பின்னாகப் பாருங்கள். நிலாவின் லேசான ஊசலாட்டத்தால் சில மணி நேரம் மாறும்.

போனில் எடுக்கும்போது நிலாவைத் தொட்டு ஃபோகஸைப் பூட்டிவிட்டு, வெளிச்சத்தை நன்றாகக் குறையுங்கள். இந்த வளர்பிறையில் சஷ்டியிலிருந்து ஏகாதசி வரை மேகமில்லாத மாலைகளில் எல்லாம் எடுங்கள்.

சூரியனையும் இதே டெலஸ்கோப்பில் பார்க்கலாமா?
— பள்ளி மாணவர், ஆம்பூர்

முன்பக்கத்தில் அதற்கென்று செய்த சூரிய வடிகட்டி பொருத்தாமல் ஒரு நொடிகூடக் கூடாது. பார்வை நிரந்தரமாகப் போய்விடும். கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸில் திருகுகிற சின்னக் கறுப்புக் கண்ணாடி கூட வந்திருந்தால், அது சூட்டில் வெடிக்கும். அதை இன்றைக்கே உடைத்துக் குப்பையில் போடுங்கள்.

8 அங்குல டாப்சோனியனில் வியாழனின் பட்டைகள் கண்ணுக்குத் தெரிகின்றன. படம் எடுத்தால் வெள்ளைப் பொட்டுதான். வெளிநாட்டுக்காரர்கள் மட்டும் எப்படி எடுக்கிறார்கள்?
— மின்வாரிய ஊழியர், திண்டுக்கல்

அவர்கள் ஒற்றைப் படம் எடுப்பதில்லை, வீடியோ எடுக்கிறார்கள். காற்று எப்போதும் கலங்கிக்கொண்டே இருக்கும். இடையிடையே கண்ணிமைக்கும் நேரம் தெளியும். ஆயிரக்கணக்கான ஃபிரேம்களில் தெளிந்தவற்றை மட்டும் பொறுக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் பட்டைகளின் சுருள் வரை வரும். 'பிப்' என்ற மென்பொருள் ஒவ்வொரு ஃபிரேமிலும் கோளை நடுவுக்குக் கொண்டுவரும். 'ஆட்டோஸ்டாக்கர்ட்' பொறுக்கி அடுக்கும். 'ரெஜிஸ்டாக்ஸ்' கூர்மையாக்கும். மூன்றுமே இலவசம். வியாழன் பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்று முடித்துவிடும் என்பதால், வீடியோ இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் விவரம் இழுபடும். உங்கள் டாப்சோனியனில் மோட்டார் இல்லையென்றாலும் கவலை வேண்டாம். கோள் பார்வைப் பரப்பைக் கடந்து போக விட்டு, மறுபடி பிடித்து எடுங்கள். வெள்ளைப் பொட்டு வருவது வெளிச்சம் அதிகமாகி எரிந்துபோவதால். பட்டை திரையில் மங்கலாகத் தெரியும் அளவுக்குக் குறையுங்கள்.

அப்புறம், நம் மாடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் இரவு பத்து மணி வரை சூட்டைக் கக்கும். அந்தக் காற்றுக்கு மேலே எவ்வளவு நல்ல கண்ணாடியும் தோற்கும். ஒரு மணி நேரம் முன்பே டெலஸ்கோப்பை வெளியே வைத்துவிடுங்கள். பக்கத்து வீட்டு ஏசி பெட்டிக்கு மேலாகப் பார்க்காதீர்கள். நட்சத்திரங்கள் படபடவென்று மின்னினால் அன்றைக்கு வேண்டாம். கோவில்பட்டியில் எனக்கு நல்ல காற்று கிடைப்பது பெரும்பாலும் விடியலுக்கு முன்புதான்.

'வெளிநாட்டுக்காரர்கள்' என்று எழுதியிருந்தீர்கள். இந்த விஷயத்தில் கொடுத்துவைத்தவர்கள் நாம்தான். 2017, 2018 வாக்கில் சனி வானத்தின் தென்கோடியில் இருந்தது. லண்டனில் அது அடிவானத்திலிருந்து சுமார் 16 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. சென்னையில் 55 டிகிரி ஏறியது. அவ்வளவு தாழ்வாக இருந்தால், நேர் தலைக்கு மேலே இருப்பதைவிட மூன்று மடங்குக்கும் அதிகமான காற்றை ஒளி கடந்து வர வேண்டும். பிரிட்டனின் டேமியன் பீச் கோள்களைப் படமெடுப்பதில் உலகப் புகழ் பெற்றவர். அவர் டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு பார்படோஸ் தீவுக்குப் போய் எடுத்திருக்கிறார். பார்படோஸ் இருப்பது 13 டிகிரி வட அட்சத்தில். சென்னையும் அதே 13-ல்தான். பிலிப்பைன்ஸின் செபு நகரத்தில், உங்கள் திண்டுக்கல்லின் அட்சத்தில், மரச்சாமான் தொழில் நடத்துகிற கிறிஸ்டோபர் கோ 11 அங்குலத் தொலைநோக்கியில் வியாழனை எடுத்துவந்தார். 2006 பிப்ரவரியில், அதுவரை வெள்ளையாக இருந்த ஒரு நீள்வட்டப் புயல் சிவந்திருப்பதை முதலில் கவனித்தவர் அவர்தான். உங்கள் தலைக்கு மேலே இருப்பதும் அதே வானம்.

ஹப்பிள், நாசா, இஸ்ரோ எல்லாம் இருக்கும்போது நம்மைப் போன்றவர்கள் பார்த்து என்ன ஆகப்போகிறது?
— வாசகர், புதுச்சேரி

பெரிய தொலைநோக்கிகள் ஒரே கோளைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவற்றின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் வரிசையில் ஆள் நிற்கிறது. 2009 ஜூலை 19 இரவு, ஆஸ்திரேலியாவில் கான்பராவுக்கு அருகே முரம்பேட்மன் என்ற ஊரில் ஆன்டனி வெஸ்லி, 14.5 அங்குலத் தொலைநோக்கியில் வியாழனைப் பதிவுசெய்துகொண்டிருந்தார். காற்று சரியில்லை என்று உள்ளே போய்க் கொஞ்ச நேரம் டிவி பார்த்துவிட்டுத் திரும்பியவருக்குத் தென்துருவம் அருகே ஒரு கறுப்புத் தழும்பு கண்ணில் பட்டது. வியாழனின் நிலா ஒன்றின் நிழலா? அது நகரும் வேகமும் நிறமும் பொருந்தவில்லை. உடனே விஞ்ஞானிகளுக்கு எழுதினார். ஹவாயிலிருக்கும் நாசாவின் அகச்சிவப்புத் தொலைநோக்கி உறுதிசெய்தது. ஏதோ ஒன்று வியாழனில் மோதியிருக்கிறது. சில நாளில் ஹப்பிளும் அந்தப் பக்கம் திரும்பியது. அடுத்த வருடம் ஜூன் 3-ம் தேதி அவரே இன்னொரு மோதலின் மின்னலைப் பதிவுசெய்தார். அதே நொடியைச் செபுவில் கிறிஸ்டோபர் கோவும் பதிவுசெய்திருந்ததால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் போனது. இரண்டு நாடுகள், ஒரே நொடி!

2019-ல் வேறொரு நட்சத்திர மண்டலத்திலிருந்து வந்ததாக அறியப்பட்ட முதல் வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்த கெனாடி போரிசோவ், தானே செய்த 65 செ.மீ. தொலைநோக்கியில்தான் அதைப் பார்த்தார். என்ன ஆகப்போகிறது என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். நீங்கள் எடுக்கும் படத்தில் தேதியும் நேரமும் சரியாக இருந்தால் அது ஓர் ஆவணம்.

2024 அக்டோபரில் எல்லோரும் வால்நட்சத்திரப் படம் போட்டார்கள். நான் மாலையில் கடற்கரையில் காத்திருந்தும் தெரியவில்லை. அடுத்தது வந்தால் என்ன செய்ய வேண்டும்?
— பட்டதாரி, நாகப்பட்டினம்

அது சுச்சின்ஷான்–அட்லஸ். செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் முதல் நாட்களிலும் விடியலுக்கு முன் கிழக்கே இருந்தது. அப்போது உங்கள் கடற்கரைதான் மிகச் சிறந்த இடம். 12-ம் தேதி பூமிக்கு மிக அருகே வந்தது. அதையொட்டி மாலை வானத்துக்கு, மேற்கே மாறிவிட்டது. நீங்கள் மாலையில் கடலைப் பார்த்து நின்றபோது அது உங்கள் முதுகுக்குப் பின்னால், ஊரின் விளக்குகளுக்கு மேலே இருந்திருக்கும். போதாததற்கு அந்த வாரமே வடகிழக்குப் பருவமழையும் தொடங்கியது.

அடுத்ததற்கு முதலில் திசையும் நேரமும் பாருங்கள். செய்தியில் சொல்லும் ஒளித்தரத்தை, அதாவது பிரகாசத்தைக் குறிக்கும் எண்ணை, அப்படியே நம்ப வேண்டாம். நாலாம் தரம் என்றால் நட்சத்திரம் எளிதாகத் தெரியும். வால்நட்சத்திரத்தின் ஒளியோ பிய்த்த பஞ்சாகப் பரவியிருக்கும். பைனாகுலரில் மெதுவாகத் துழாவி, நேராக உற்றுப் பார்க்காமல் சற்று ஓரமாகப் பாருங்கள். படத்துக்கு முக்காலி, 50 மி.மீ. லென்ஸ், ஐஎஸ்ஓ 1600, ஆறு விநாடி போதும். நிறைய எடுத்து அடுக்கலாம். ஆனால் அது நட்சத்திரங்களுக்கு இடையே நகர்வதால், வால்நட்சத்திரத்தின் தலையை வைத்துத்தான் அடுக்க வேண்டும்.

படம் வராவிட்டாலும் ஒன்று செய்யலாம். வால்நட்சத்திரத்தின் பிரகாசத்தை நன்றாக மனத்தில் வாங்கிக்கொண்டு, பைனாகுலரின் ஃபோகஸைத் திருகி, தரம் தெரிந்த பக்கத்து நட்சத்திரங்களை அதே அளவுக்கு ஊதவிட்டு ஒப்பிடுங்கள். எது அதைவிடப் பிரகாசம், எது மங்கல் என்று குறித்தால் ஓர் எண் கிடைக்கும். ஸ்லோவேனியாவில் நடத்தப்படும் 'கோப்ஸ்' என்ற தரவுத்தளம் உலகெங்குமுள்ள ஆர்வலர்களிடமிருந்து இந்த எண்களைத்தான் வாங்கிச் சேர்க்கிறது. தேதி, நேரம், என்ன பைனாகுலர், வானம் எப்படி இருந்தது என்பதையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள்.