ஆரி வேலை: ஆசைக்கா, தொழிலுக்கா?

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கைக்கு ஆரி வேலையும், அதாவது கொக்கி ஊசியால் போடும் பூவேலையும், போட்டுத் தருகிறேன். தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இப்போது வீட்டிலேயே ஆரி பழகுகிறார்கள். அவர்கள் கேட்டவற்றில் சில இங்கே.

கேள்வி: அக்கா, என் வேலையை எல்லாரும் அழகு என்கிறார்கள். கடை வேலையில் அப்படி என்ன கூடுதல்?

பதில்: துணியைத் திருப்பிப் பாருங்கள் தங்கச்சி. ஆரி என்பது சங்கிலித் தையல். வரிசை முடிகிற இடத்தில் நூலைப் பூட்டாவிட்டால், முனையை இழுத்ததும் மொத்தமும் உருவிக்கொண்டு வரும். கல்யாண வீட்டில் ஒரு வளையல் மாட்டினால் போதும், பூக்கொடியில் பாதி காணாது! அப்புறம் தையல் ஓரம். அதுவரைக்கும் மணி கோத்தால், மூட்டும்போது மெஷின் ஊசி பட்டு உடையும். தொழில்காரர் துணியை வெட்டுவதற்கு முன்பே அளவு வரைந்து, ஓரத்தை வெறுமையாக விட்டுத்தான் சட்டத்தில் இழுத்துக் கட்டுவார். உள்ளே கொஞ்சம் துணியும் மிச்சம் வைப்பார். அடுத்த தீபாவளிக்கு உடம்பு போட்டால் பிரித்துவிடலாம். முன்பக்க அழகில் உங்களில் சிலர் என்னை மிஞ்சுவீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: ஒரு ரவிக்கைக்கு 80 வெள்ளி வாங்குகிறேன். சரிதானே?

பதில்: எத்தனை மணி நேரம் உட்கார்ந்தீர்கள்? 20 என்றால் மணிக்கு 4 வெள்ளி. அதிலும் பாசிமணி, ஜரிகைச் செலவு போகணும். குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, மணிக்கு 8 வெள்ளிக்கு மேல். சொந்தக்காரர்களுக்கு ஆசைக்குச் செய்தால் காசே வாங்காதீர்கள், மொய் மாதிரி இருக்கட்டும். அரை விலைக்கு விற்பது மட்டும் வேண்டாம். இதை நம்பிப் பிழைக்கிறவர் வயிற்றில் அடிப்பதாகிவிடும்.

கேள்வி: மனசு வந்தால்தான் ஊசியை எடுக்கிறேன். இது குறையா?

பதில்: குறையே இல்லை. நினைத்த நிறத்தில் மயில் போடும் கொடுப்பினை எனக்கேது? ஆர்டர் எடுத்தால் முகூர்த்தத்துக்கு முன் கொடுக்கணும், தோழிப்பெண்கள் நாலு பேருக்கும் ஒரே மாதிரி வரணும்.

கேள்வி: சான்றிதழ் இல்லாமல் தொழிலில் இறங்கலாமா?

பதில்: தாராளமாக. பல வருஷம் தைத்தவர்கள் வகுப்புக்குப் போகாமலேயே, செய்த வேலைக்கு ஆதாரம் காட்டி எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழ் வாங்க பி.பி.தி. என்ற வழி இருக்கிறது. ஆனால் காசு வாங்கத் தொடங்கினால் வியாபாரங்களைப் பதியும் அரசு ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் பதிந்துவிடுங்கள். சொந்தப் பெயரில் என்றால் வருஷத்துக்கு 30 வெள்ளி, கடைக்குத் தனிப் பெயர் வைத்தால் 60.