உயர்தரச் சரவுண்ட் ஒலி வட்டுகளை வீட்டிலேயே நகலெடுக்கவும் உருவாக்கவும் முடியுமா?

கேட்பவரைச் சுற்றி ஒலிக்கும் இத்தகைய வட்டை உருவாக்குவது உறுதியாக முடியும். நகலெடுப்பது, எந்த வட்டை நகலெடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தோவாளை வட்டத்தில் ஓர் அம்மன் கோயிலில் கொடை என்னும் ஆடித் திருவிழாவில் நிகழ்ந்த வில்லுப்பாட்டை நான்கு மைக்குகளால் பதிவு செய்து, டிவிடி-ஆடியோ (படத்துக்குப் பதிலாக உயர்தர ஒலியைத் தாங்கும் டிவிடி) வட்டாக நாகர்கோவிலில் என் வீட்டுக் கணினியிலேயே உருவாக்கியிருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்தே இந்தப் பதிலை எழுதுகிறேன்.

முதலில் நகலெடுப்பதைச் சொல்லி முடித்துவிடுகிறேன். 1999இல் வரையறுக்கப்பட்ட டிவிடி-ஆடியோ வடிவத்தில் வெளிவந்த வணிக வட்டுகள் பலவற்றில் சிபிபிஎம் என்னும் பாதுகாப்புப் பூட்டு உண்டு. அவற்றின் கோப்புகளை அப்படியே வெற்று வட்டில் எழுதினாலும் பாட்டு ஒலிக்காது. எஸ்ஏசிடி (சூப்பர் ஆடியோ சிடி) வட்டில் ஒலி வேறு முறையில், நொடிக்கு 28,22,400 முறை எடுக்கப்படும் ஒற்றை பிட் மாதிரிகளாக இருக்கிறது; கணினியில் உள்ள டிவிடி டிரைவ் அந்த ஒலி இருக்கும் அடுக்கைப் படிக்காது. சாதாரண சிடி அடுக்கும் சேர்ந்த ஹைப்ரிட் எஸ்ஏசிடி என்றால் அந்தச் சிடி அடுக்கை மட்டும், 16 பிட் ஸ்டீரியோவாக, நகலெடுக்கலாம். நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொந்தப் பயன்பாட்டுக்கு ஓரளவு இடம் தந்தாலும், உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதை 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு குற்றமாக்கியிருக்கிறது. ஆகவே அந்த வழியை நான் இங்கே விளக்கப்போவதில்லை. நீங்களே உருவாக்கிய வட்டை நகலெடுப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. வட்டு முழுவதையும் ஒரே ஐஎஸ்ஓ கோப்பாகச் சேமித்துக்கொண்டு எத்தனை பிரதி வேண்டுமானாலும் எழுதலாம்.

இனி உருவாக்கும் வேலை. இதில் மென்பொருளைத் தேடுவதற்கு முன்னால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். டிவிடி-ஆடியோ வட்டிலிருந்து ஒலிக்காக நொடிக்கு அதிகபட்சம் 96 லட்சம் பிட்டுகள்தான் வர முடியும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் தரத்தில், அதாவது நொடிக்கு 96,000 மாதிரிகளை 24 பிட் அளவில் எடுத்து, ஆறு சானல்களை (ஸ்பீக்கருக்கு ஒன்றான தனித்தனி ஒலித்தடங்களை) சுருக்காமல் வைத்தால் நொடிக்கு 1 கோடியே 38 லட்சத்து 24 ஆயிரம் பிட் ஆகிவிடுகிறது. அது இந்தக் குழாயில் நுழையாது. அதற்காகத்தான் எம்எல்பி என்ற இழப்பில்லாச் சுருக்க முறையை அந்த வடிவத்தில் சேர்த்தார்கள். அந்தச் சுருக்கம் இல்லாமல் செய்ய வேண்டும் என்றால் இரண்டு வழிகள் உண்டு. மாதிரி வீதத்தை 48 கிலோஹெர்ட்ஸாகக் குறைத்தால் ஆறு சானலும் 69 லட்சத்து 12 ஆயிரம் பிட்டில் அடங்கிவிடும். சானல்களை நான்காகக் குறைத்தால் 96 கிலோஹெர்ட்ஸையே வைத்துக்கொள்ளலாம், 92 லட்சத்து 16 ஆயிரம் பிட்டில் எல்லைக்குள் நின்றுவிடும். நான் இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தேன். என்னிடம் இருந்தது நான்கு மைக் செருகும் பதிவுக்கருவி என்பது ஒரு காரணம்; வில்லுப்பாட்டுக்கு நடுச் சானலும் சப்வூஃபர் சானலும் தேவைப்படவில்லை என்பது அதைவிடப் பெரிய காரணம். இந்தத் தரத்தில் 4.7 ஜிபி வட்டு ஒன்றில் சுமார் 68 நிமிடங்கள் கொள்ளும்.

எங்கள் பக்கத்துக் கொடைகளில் வில்லுக் குழு அம்மனைப் பார்த்து அமர்ந்து பாடும். கேட்பவர் வில்லுக்கும் சன்னதிக்கும் நடுவே உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டால், முன்னால் அண்ணாவி என்னும் தலைமைப் பாடகரின் குரலும் வில்லைத் தட்டும் வீசுகோல் பட்டு அதிரும் மணிகளும், ஒரு பக்கம் குடமும், மறுபக்கம் உடுக்கும் ஜால்ராவும், முதுகுக்குப் பின்னால் கோயில் மணியும் பெண்களின் குரவையும் இருக்கும். சரவுண்ட் என்பது இந்தக் கலைக்கு வெளியிலிருந்து ஒட்டவைத்த அலங்காரம் அல்ல. அந்த இடமே அப்படித்தான் ஒலிக்கிறது. வில்லுக்கு முன்னால் இரண்டு மைக்குகளையும், அங்கிருந்து ஏறத்தாழ 12 மீட்டர் தள்ளிச் சன்னதிப் பக்கம் பார்த்தபடி இரண்டு மைக்குகளையும் நிறுத்தினேன். அனுமதி கேட்கப் போனபோது அண்ணாவி சொன்னது ஒன்றே ஒன்று: “மக்கா, எம்பிடு மைக்கு வேணும்னாலும் வை, குடத்துக்காரன் கைக்கு எடைஞ்சல் வரப்பிடாது.” பாடியவர்களுக்கும் அவர்கள் நிகழ்த்தியதன்மேல் சட்டப்படி உரிமை உண்டு என்பதால், அனுமதி கேட்பதை மரியாதையாக மட்டும் எண்ண வேண்டாம்.

பதிவில் என்னைப் படுத்தியது காற்றுதான். ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் வீசும் காற்றை அறிந்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மைக்கோடு வந்த மெல்லிய பஞ்சு உறை அதற்கு எந்த மூலைக்கும் காணாது. ரோம உறை போட்ட பிறகே பின் மைக்குகள் கேட்கும்படி ஆயின. அடுத்த தொல்லை கூம்பு ஸ்பீக்கர். மைக் செட்டுக்காரரிடம் பேசி, கோயில் முற்றத்தை நோக்கியிருந்த ஒன்றை ஊர்ப்பக்கம் திருப்பிவைக்கச் சொன்னேன். அவர் மனமுவந்து செய்து தந்தார். குடத்தின் வாயில் விழும் அடி திடீரென உச்சத்துக்குப் போகும் என்பதால், பதிவு அளவை உச்ச வரம்புக்கு 12 டெசிபெல் கீழேயே வைத்திருந்தேன். 24 பிட் பதிவின் உண்மையான பயன் இங்கேதான் தெரிகிறது: இவ்வளவு இடம் விட்டுப் பதிவு செய்தாலும் மெல்லிய ஒலிகள் இரைச்சலில் மூழ்குவதில்லை. கருவி பதிவு செய்யும் டபிள்யூஏவி (சுருக்காத ஒலி) கோப்பு 4 ஜிபிக்கு மேல் வளராது என்பதையும் நினைவில் வையுங்கள். நான்கு சானலில் அது சுமார் 62 நிமிடம். அதற்குப்பின் கருவி புதுக் கோப்பு தொடங்கும். இரண்டையும் இடைவெளி விழாமல் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

வட்டு உருவாக்க நான் பயன்படுத்தியது டிவிடிஏ-ஆதர் என்னும் இலவச மென்பொருள். கட்டளை வரியில் இயங்குவது என்பதால் முதலில் மலைப்பாக இருக்கும், பழகிவிடும். என் முதல் வட்டு கெட்டுப்போனதற்கு மென்பொருள் காரணம் அல்ல, சானல் வரிசைதான் காரணம். நான்கு சானல் கோப்பு என்றால் முன் இடம், முன் வலம், பின் இடம், பின் வலம் என்றுதான் எல்லாரும் புரிந்துகொள்வார்கள் என நினைத்திருந்தேன். ஆனால் 5.1 எனப்படும் ஆறு சானல் அமைப்பின் வழக்கமான வரிசையில் மூன்றாவது நடுச் சானல், நான்காவது சப்வூஃபர். எந்தச் சானல் எங்கே என்ற குறிப்பு கோப்பில் இல்லாததால், பின் இடது மைக்கின் குரவை அண்ணாவியின் வாயிலிருந்து வருவதுபோல் நடு ஸ்பீக்கரில் எழுந்தது. பின் வலது மைக்கில் பதிவான அத்தனையும் சப்வூஃபரில் வெறும் உறுமலாகிவிட்டது. அன்றிலிருந்து எந்த வட்டானாலும் முதல் டிராக்காக என் குரலையே வைக்கிறேன்: “முன் இடம்”, “முன் வலம்”, “பின் இடம்”, “பின் வலம்” என்று ஒவ்வொரு சானலிலும் தனித்தனியாகச் சொல்லியிருப்பேன். இருபது விநாடியில் தவறு தெரிந்துவிடும்.

இசைப்பதற்கு டிவிடி-ஆடியோவைப் படிக்கும் பிளேயர் வேண்டும். சாதாரண டிவிடி பிளேயர் வட்டில் அந்த ஒலி இருக்கும் தனிக் கோப்புறையைக் கண்டுகொள்ளாது. ஆப்டிகல் கேபிள் சுருக்காத ஒலியில் இரண்டு சானலை மட்டுமே கடத்தும். ஆகவே பிளேயரிலிருந்து ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவருக்குத் தனித்தனி அனலாக் கேபிள்களோ, 2004இல் வந்த 1.1 பதிப்பு முதலான எச்டிஎம்ஐ இணைப்போ தேவை. அப்படிப்பட்ட பிளேயர் கிடைக்காதவர்கள் டிடிஎஸ் என்னும் சுருக்கிய சரவுண்ட் ஒலியோடு சாதாரண டிவிடி-வீடியோவாக எழுதிக்கொள்ளலாம். ஒலி சற்று இழப்புக்குள்ளாகும், ஆனால் டிடிஎஸ் பிரிக்கும் ரிசீவர் எதிலும் ஒலிக்கும். ப்ளூரே எழுதும் டிரைவ் இருந்தால் அதுவே நல்லது. ஆறு சானல் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அது எந்தச் சுருக்கமும் இல்லாமல் தாங்கும்.

சிலர் பழைய சினிமாப் பாட்டு எம்பி3 கோப்புகளை மென்பொருளால் ஆறு சானலாகப் பிரித்து, 96 கிலோஹெர்ட்ஸுக்கு உயர்த்தி வட்டாக்கலாமா என்று கேட்கிறார்கள். செய்யலாம், ஆனால் வட்டு நிறையுமே தவிர, பதிவில் இல்லாத ஒன்று அதில் புதிதாக வந்து சேராது. அந்த உழைப்பை உங்கள் ஊர்க் கோயில் செண்டை மேளத்தையோ சர்ச் பாடகர் குழுவையோ நேரில் பதிவு செய்வதில் செலவிடும்படி மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

எழுதும்போது வேகத்தைக் குறைத்து வையுங்கள், முடிந்ததும் சரிபார்ப்பு ஓட்டத்தைத் தவிர்க்காதீர்கள், வட்டின்மேல் காகித லேபிள் ஒட்டாதீர்கள். எங்கள் மாவட்டத்து உப்புக் காற்றிலும் ஈரத்திலும் உறைக்குள் கிடந்த வட்டுகளில் பூஞ்சை படர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் மூலக் கோப்புகளை ஃபிளாக் என்னும் இழப்பில்லாச் சுருக்க வடிவில் இரண்டு ஹார்டு டிஸ்குகளில் தனித்தனி வீடுகளில் வைத்திருக்கிறேன். வட்டின் முதல் பிரதி அண்ணாவியிடம் இருக்கிறது. என் வீட்டில் அதை அவருக்குப் போட்டுக் காட்டியபோது, பின்னாலிருந்து குரவை எழுந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.