மேற்கோள் எண்ணிக்கையை வைத்து தாக்க அறிக்கை எழுதலாமா?

கேள்வி: ஆந்திராவில் தமிழக எல்லையோரம் உள்ள நகரியில் விசைத்தறித் தொழிலாளர்களின் ரத்த அழுத்தம் பற்றிய ஆராய்ச்சித் திட்டத்தில் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். மத்திய அரசு நிதி. திட்டம் முடியப்போகிறது, ஆய்வால் நடைமுறையில் என்ன மாறியது என்று காட்டும் 'தாக்க அறிக்கை' கேட்கிறார்கள். கையில் இருப்பது சில ஆய்வுக் கட்டுரைகளும், மற்ற ஆய்வுகள் அவற்றை எத்தனை முறை சுட்டின என்ற மேற்கோள் எண்ணிக்கையும்தான். வேறு எதை, எப்படி அளப்பது?

பதில்: கட்டுரைகளையும் மேற்கோள்களையும் ஒரே பத்தியில் முடித்துவிடுங்கள். மற்ற ஆராய்ச்சியாளர்கள் உங்களைப் படித்தார்கள் என்பதற்குத்தான் அவை சாட்சி. தறிக்காரருக்கு மாத்திரை ஒழுங்காகக் கிடைத்ததா என்பதை அவை சொல்லாது. மீதி அறிக்கை முழுக்க ஒரே விஷயத்தைத் துரத்தட்டும்: உங்கள் கண்டுபிடிப்பைப் பார்த்து யார், தன் வேலையில் எதை மாற்றினார்?

1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் மதனபள்ளி ஆரோக்கியவரம் போன்ற சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனையில், மாதக்கணக்கில் படுக்க வேண்டும். ஆய்வின் முடிவு 1959-ல் வந்தது. சானடோரியத்தில் ஓய்வோடும் நல்ல சாப்பாட்டோடும் இருந்தவர்களுக்கும், வீட்டிலேயே மருந்து சாப்பிட்டவர்களுக்கும் குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் கூட இருந்தவர்களுக்குத் தொற்று கூடவும் இல்லை. அதற்கப்புறம் பல நாடுகளில் சிகிச்சை வீட்டுக்கு மாறியது. அரசுப் பணத்துக்குக் கிடைத்த பலன் அதுதான், தேவைப்படாமல் போன படுக்கைகளும் பிரியாமல் இருந்த குடும்பங்களும்.

எதிர்மறை முடிவையும் மறைக்க வேண்டாம். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-ல் தொடங்கிய பெரிய பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) ஆய்வில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்று தெரிந்தது. குழந்தைகளைக் கடுமையான வகைக் காசநோயிலிருந்து காக்க அதை இன்றும் போடுகிறோம். ஆனால் அதை மட்டும் நம்பிக் காசநோயை ஒழிக்க முடியாது என்பது தெளிவானது. அதுவும் தாக்கம்தான்.

சட்டகம் வேண்டுமென்றால், பிரிட்டனில் பக்ஸ்டனும் ஹேனியும் 1990-களில் வகுத்த 'பேபேக்' (ஆராய்ச்சியால் கிடைத்த பலனை மதிப்பிடும்) முறையின் ஐந்து தலைப்புகள் போதும்: அறிவு, அடுத்த ஆராய்ச்சிக்கான பலன், கொள்கை, சுகாதாரச் சேவை, பொருளாதாரம். ஐந்தையும் நிரப்பியே தீர வேண்டும் என்று நினைக்காதீர்கள். முடிந்துகொண்டிருக்கும் திட்டத்துக்குக் கடைசித் தலைப்பு பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். காலியாக விட்டால் படிப்பவர்களுக்கு நம்பிக்கைதான் கூடும்.

சரி, ஆதாரம் எங்கே கிடைக்கும்? மாவட்ட மருத்துவ அலுவலகத்தின் சுற்றறிக்கை, ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்து இருப்புப் பதிவேடு, ஆஷா எனப்படும் கிராம சுகாதாரப் பணியாளர்களின் பயிற்சிக் குறிப்பு, கூட்ட நடவடிக்கைக் குறிப்பு. இவற்றில் பல தெலுங்கில் இருக்கும், ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலரில் அகப்படாது. உங்கள் ஊர்க்காரர்களுக்கு இரண்டு மொழியும் வருமே, அந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கேட்டும் தராத ஆவணத்துக்கு ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) இருக்கிறது. அலுவலர்களிடம் "எங்கள் ஆய்வு உதவியதா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் மரியாதைக்கு ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "போன வருடம் எதை மாற்றினீர்கள், ஏன்?" என்று கேளுங்கள். உங்கள் பெயர் தானாக வருகிறதா என்று பாருங்கள்.

நகரிக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. அங்கே பரிசோதனையில் அழுத்தம் அதிகம் என்று தெரிந்தவர் திருத்தணி அரசு மருத்துவமனைக்கோ வேலூருக்கோ பஸ் ஏறிப் போகலாம். ஆந்திரப் பதிவேட்டில் அவர் 'சிகிச்சையை விட்டவர்'. உண்மையில் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒழுங்காக மாத்திரை வாங்கிக்கொண்டிருப்பார். பதிவேட்டை மட்டும் நம்பினால் உங்கள் பலன் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். விட்டுப்போனவர்களில் சீட்டுக் குலுக்கிச் சிலரைத் தேர்ந்தெடுத்து, வீட்டுக்குப் போய் மாத்திரை அட்டையைப் பார்த்து வாருங்கள்.

எண் மிகையாகத் தெரியவும் வழி உண்டு. ரத்த அழுத்தம், சர்க்கரை போன்ற தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டம் 2010 முதல் இருக்கிறது. மருந்து வழங்கல் கூடியிருந்தால் அதனாலும் இருக்கலாம். உங்கள் திட்டம் தொடாத பக்கத்து மண்டலத்தின் அதே வருடப் பதிவேட்டை அருகில் வைத்துக் காட்டுங்கள். இரண்டிலும் ஒரே அளவு கூடியிருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள், 'எங்களால் நடந்தது' என்று எழுதாதீர்கள். நகரியில் மட்டும் கூடியிருந்தால் 'எங்கள் பங்கும் இருந்தது' என்று எழுதி, எந்தச் சுற்றறிக்கை, எந்தத் தேதி என்று பின்னிணைப்பில் சேர்த்துவிடுங்கள்.