200 மெகாபிக்சல் கேமரா என்றால் படம் அவ்வளவு தெளிவாக வருமா?

200 மெகாபிக்சல் கேமரா உள்ள போன் என்ற விளம்பரத்தை நம்பிக் கூடுதல் பணம் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த எண் பொய்யன்று. ஆனால் நீங்கள் அன்றாடம் எடுக்கும் படத்தை அது குறிப்பதில்லை.

2023இல் வெளிவந்த சாம்சங் கேலக்ஸி எஸ்23 அல்ட்ராவின் முதன்மைக் கேமராவில் 20 கோடி பிக்சல்கள் (ஒளியைப் பதியும் நுண்புள்ளிகள்; பத்து லட்சம் சேர்ந்தால் ஒரு மெகாபிக்சல்) உண்டு என்றாலும், ஒவ்வொன்றின் அகலமும் 0.6 மைக்ரோமீட்டர்தான் என்பதால், மங்கிய ஒளியில் தனித்தனியே போதிய வெளிச்சத்தைச் சேகரிக்க அவற்றால் முடியாது. ஆகவே பதினாறு பிக்சல்களை ஒன்றாகக் கூட்டி, ஏறக்குறைய 12 மெகாபிக்சல் படத்தையே அந்தப் போன் இயல்பாகச் சேமிக்கிறது. இது நல்ல பொறியியல்தான். அதைச் சொல்லாமல் பெரிய எண்ணை மட்டும் பெட்டியில் அச்சிடும் வழக்கமே எனக்கு உடன்பாடில்லாதது. முழு 200 மெகாபிக்சல், நல்ல வெயிலில் அசையாத காட்சியை எடுத்துப் பெரிதாக அச்சிடுவோருக்கு உதவும்.

விலை குறைந்த போன்களில் நிலைமை இன்னும் மோசம். "மூன்று கேமரா" என்ற கணக்கைக் காட்டுவதற்காகவே மிக அருகிலுள்ள பொருளை எடுப்பதற்கான 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமரா ஒன்றைச் சேர்த்துவிடுகிறார்கள்.

சென்சாரின் (ஒளியைப் பதியும் சில்லின்) அளவு, லென்ஸின் தரம், கை நடுக்கத்தைச் சமாளிக்கும் ஓஐஎஸ் வசதி ஆகியவற்றை முதலில் விசாரியுங்கள். கடையில் வெளிச்சம் குறைந்த மூலையில் ஒரு முகத்தைப் படமெடுத்து, தலைமுடி இழைகள் தனித்தனியே தெரிகின்றனவா என்று பெரிதாக்கிப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.