மச்சா, மெனியா? ஷூ கம்பெனி வகுப்புக்கு ஒரு யோசனை

கேள்வி: வேலூரிலிருந்து ஆம்பூர் போய், ஒரு ஷூ கம்பெனியில் ஷிஃப்ட் முடிந்ததும் தொழிலாளர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். மச், மெனி, ஃபியூ, லிட்டில் எல்லாவற்றையும் அட்டவணை போட்டு விளக்கினேன். பயிற்சித்தாளில் சரியாக எழுதுகிறார்கள். ரிப்போர்ட் எழுதும்போது மட்டும் ‘மச் பேர் ரிஜெக்ட்’ (நிறைய ஜோடி ரிஜெக்ட் என்பதற்கு) என்றுதான் வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: அட்டவணையைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். ஆப்பிள், பால் என்று பாடப்புத்தகம் தரும் உதாரணங்களும் வேண்டாம். உங்கள் மாணவர்கள் நாள் முழுக்க எண்ணுவதும் அளப்பதுமாக இருப்பவர்கள். அந்தக் கணக்கிலேயே ஆரம்பியுங்கள்.

முதல் பாடத்துக்குத் தோல் போதும். ‘லெதர்’ அளக்கிற பொருள், அதனால் ‘ஹவ் மச் லெதர்’. அதையே ஒவ்வொரு தோலாக எண்ணினால் ‘ஹவ் மெனி ஸ்கின்ஸ்’. சதுர அடியில் கேட்டால், அடியை எண்ணுகிறோம். ‘ஹவ் மெனி ஸ்கொயர் ஃபீட்’. நூலுக்கு மச், நூல் சுற்றிய கோனுக்கு மெனி. பசைக்கு மச், டின்னுக்கு மெனி. ஸ்டோரில் வேலை செய்கிறவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

அப்படியும் ஏன் தவறு வருகிறது? எழுத்துத் தமிழில் எத்தனை, எவ்வளவு என்று பிரித்து வைத்திருக்கிறோம். பேச்சில் ‘எவ்ளோ பேர் வந்தாங்க’, ‘எவ்ளோ நாள் ஆகும்’ என்று பல நேரம் இரண்டுக்கும் ஒன்றையே போடுகிறோம். அதுதான் ‘ஹவ் மச் டேஸ்’ ஆகிறது. வேலூரில் லாட்ஜ், மருந்துக்கடை ஊழியர்களுக்கு வகுப்பு எடுத்தாலும் இதே தவறு வரும். ‘எத்தனை’ போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பொருந்தினால் மெனி. ‘எத்தனை பசை’ பொருந்தாது, ‘எத்தனை டின்’ பொருந்தும். இன்னொன்று, ‘பத்து ஜோடி’ என்போம், ‘ஜோடிகள்’ என்று சொல்ல மாட்டோம். அதனால் ‘பேர்ஸ்’ என்பதில் கடைசி எழுத்து விழுந்துவிடும். அதைத் தனியாகப் பழக்க வேண்டும்.

இந்தச் சோதனைக்கு அடங்காத சில சொற்கள் உண்டு: எக்யூப்மென்ட், மெஷினரி, இன்ஃபர்மேஷன், ஃபீட்பேக். தமிழில் எண்ணத் தோன்றும், ஆங்கிலத்தில் எண்ண முடியாது. இவற்றைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். விதி சொல்லிப் பயனில்லை.

அதிக நேரம் கொடுக்க வேண்டியது ‘ஃபியூ’, ‘எ ஃபியூ’ இரண்டுக்கும், அதேபோல ‘லிட்டில்’, ‘எ லிட்டில்’ இரண்டுக்கும்தான். வேலையில் நஷ்டம் வருவது இங்கேதான். ‘வீ ஹேவ் எ லிட்டில் அட்ஹெசிவ்’ என்றால் பசை கொஞ்சம் இருக்கிறது, இன்றைய வேலை ஓடும். ‘வீ ஹேவ் லிட்டில் அட்ஹெசிவ்’ என்றால் கொஞ்சம்தான் இருக்கிறது, இப்போதே இன்டென்ட் (பொருள் கேட்டு எழுதும் சீட்டு) போட வேண்டும். நம் ‘தான்’ செய்கிற வேலையை அங்கே ‘எ’ இல்லாமல் போவது செய்கிறது. எண்ணுகிற பொருளுக்கு ஃபியூ, அளக்கிற பொருளுக்கு லிட்டில், அவ்வளவே வித்தியாசம். ஆனால் ‘எ’ காதில் விழாமல் போகலாம். ஷூ வாங்கும் வெளிநாட்டு பையரிடம் பேசும்போது ‘ஒன்லி எ ஃபியூ’ அல்லது ‘நாட் மெனி’ என்று சொல்லப் பழக்குங்கள். பேச்சுக்கு அதுவே இயல்பும்கூட.

‘நிறைய’ என்பதற்கு ‘எ லாட் ஆஃப்’ போதும், இரண்டு வகைக்கும் செல்லும். மச், மெனி இரண்டும் கேள்விக்கும் இல்லை என்பதற்கும் இருக்கட்டும். ‘டூ மெனி’ என்றால் அளவுக்கு மீறி என்று பொருள்; ரிஜெக்ட் கணக்கில் சும்மா ‘நிறைய’ என்பதற்கு அதைப் போட்டால் குற்றச்சாட்டாகிவிடும். சம், எனி இரண்டையும் இப்போதைக்கு விட்டுவிடலாம்.

பயிற்சிக்கு இருவர் இருவராக உட்கார வையுங்கள். ஒருவர் கையில் ஸ்டாக் கார்டு, மற்றவர் கையில் நாளைய ஆர்டர். ஒருவர் தாள் மற்றவருக்குத் தெரியக் கூடாது. கேட்டுக் கேட்டு, எது போதும், எது போதாது என்று கண்டுபிடித்து இன்டென்ட் எழுத வேண்டும். நடுவில் குறுக்கிட்டுத் திருத்தாதீர்கள். பல வருட அனுபவம் உள்ள சூப்பர்வைசர், நேற்று சேர்ந்த பையன் முன்னால் திருத்தப்பட்டால் அடுத்த வாரம் வாய் திறக்க மாட்டார். தவறுகளைக் குறித்துக்கொண்டு, பெயர் சொல்லாமல் கடைசியில் போர்டில் எழுதுங்கள், அவர்களே திருத்தட்டும்.