சபையில இருந்து வயசானவங்க வீட்டுக்குத் துணைக்கு ஆள் அனுப்பலாம்னு இருக்கோம், பாதுகாப்பா எப்படி செய்றது?

கேள்வியைப் பார்த்தாலே நீங்க பாஸ்டரேட் கமிட்டிக்கு, அதாவது சபை நிர்வாகக் குழுவுக்கு, புதுசுன்னு தெரியுது. பழைய ஆளா இருந்தா "நம்ம சபை ஜனங்கதானே, இதுக்கு எதுக்கு ரூல்ஸ்"னு முடிச்சிருப்பீங்க. நான் அயனாவரம் பக்கம், பெண்கள் ஐக்கிய சங்கத்துல இருக்கேன், இந்த வேலையை ரொம்ப வருஷமா பாக்குறேன், அதனால கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுத்துக்கோங்க.

முதல்ல, யாரையும் தனியா அனுப்பாதீங்க. ரெண்டு ரெண்டு பேரா அனுப்புங்க, அதுல ஒருத்தராவது பெண்ணா இருக்கணும். இதை நாங்க கொண்டு வந்தப்ப சபையில என்ன பேச்சு தெரியுமா, "விசுவாசிகளையே சந்தேகப்படுறாங்க, இது என்ன போலீஸ் ஸ்டேஷனா"ன்னு. ஏங்க, இயேசுவே சீஷர்களை ரெண்டு ரெண்டு பேராத்தானே அனுப்பினார், மாற்கு 6ல இருக்கு. அப்போஸ்தலர் 6ல விதவைகளை சாப்பாட்டு விஷயத்துல சரியா கவனிக்கலன்னு முறுமுறுப்பு வந்ததும், நல்ல சாட்சி பெற்ற ஏழு பேரைப் பார்த்து எடுக்கச் சொல்றாங்க, நாலு பேர்கிட்ட விசாரிக்காமயா எடுத்திருப்பாங்க? நாங்களும் அதேதான் செய்றோம். ஆதார் காப்பி வாங்குறோம், ரெண்டு குடும்பத்துகிட்ட விசாரிக்கிறோம், ஆயர் ஓகே சொன்னாத்தான் பேர் லிஸ்டுல ஏறும். பக்தி இல்லாதவங்கதான் ரூல் பேசுவாங்கன்னு கமெண்ட்ல வர்றவங்க இந்த ரெண்டு அதிகாரத்தையும் படிச்சிட்டு வாங்க.

அடுத்தது பணம். எங்க சபையில ஒரு ஆன்ட்டி, எண்பது தாண்டிட்டாங்க, வீட்டுக்காரர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டி தொழிற்சாலையில வேலை பார்த்து இறந்துட்டார், ஃபேமிலி பென்ஷன் வருது, பையன் கனடாவுல. ஒருநாள் நாங்க கிளம்புற நேரத்துல தலையணை உறைக்குள்ள கையை விட்டு ஏடிஎம் கார்டை எடுத்து என் கையில வச்சாங்க. அந்தக் கார்டோட கவர் மேலேயே பால்பாயிண்ட்ல பின் நம்பர் எழுதியிருக்கு, மறந்துடுமாம். "நீ போய் எடுத்துட்டு வாம்மா, உன்னை நம்பாம யாரை நம்புறது"ன்னாங்க. நான் திருப்பிக் குடுத்துட்டேன். முகம் சுருங்கிப் போச்சு, அடுத்த வாரம் போனப்ப காபி கூட போடல. கூட வந்த அக்காவே "ஒரு தடவை எடுத்துக் குடுத்தா என்ன குறைஞ்சிடும்"னு கேட்டாங்க. இன்னிக்கு மூவாயிரம் எடுத்துக் குடுப்போம், நாளைக்கு அவங்க நாலாயிரம்னு நினைச்சுட்டு இருந்தா அந்த ஆயிரத்துக்கு யாருங்க பதில் சொல்றது?

அதுக்காக அப்படியே விட்டுட்டு வரல. எழுபது வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு வீட்டுக்கே வந்து பணம் குடுக்குற வசதியை பேங்க் செஞ்சு தரணும்னு ரிசர்வ் பேங்க் 2017லேயே சொல்லிருச்சு. அவங்க பிராஞ்சுல போய்க் கேட்டா கவுண்டர்ல இருந்த பையன் அப்படி ஒண்ணு இருக்குறதே தெரியாத மாதிரி முழிக்கிறான். ஆன்ட்டி கையெழுத்தோட லெட்டர் குடுத்து, சீல் வச்ச காப்பி வாங்குனதுக்கு அப்புறம்தான் ஆள் வந்துச்சு. பென்ஷன் வாங்குறவங்க உயிரோட இருக்கோம்னு நவம்பர்ல குடுக்க வேண்டிய லைஃப் சர்டிபிகேட்டும் அப்படித்தான், போஸ்ட்மேன்கிட்ட சொன்னா வீட்டுக்கே வந்து விரல் ரேகை வாங்கிட்டுப் போறார். இந்த மாதிரி வழியைக் காட்டி விடுறதுதான் நம்ம வேலை, கார்டைத் தொடக் கூடாது, ஓடிபியும் கேக்கக் கூடாது. உயில், பத்திரம்னு பேச்சு வந்தா சாட்சிக் கையெழுத்து கூட போடாதீங்க. பையன் வீட்டை எழுதி வாங்கிட்டு சோறு போட மாட்டேங்குறான்னு அழுதா, 2007ல வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டம் இருக்கு, ஆர்.டி.ஓ. கிட்ட (லைசென்ஸ் குடுக்குறவர் இல்ல, வருவாய் கோட்டாட்சியர்) மனு குடுக்கலாம், எப்படின்னு தெரியலன்னா 14567க்கு போன் போட்டுக் கேளுங்க, முதியோருக்கான இலவச நம்பர் அது.

ரெண்டு பேர்னு சொன்னது நம்ம பாதுகாப்புக்கும்தான். போற ஒவ்வொரு வீட்டுலயும் ஃப்ரிட்ஜ் மேல ஒரு கோடு போட்ட நோட்டு, நூல்ல பேனா கட்டி வச்சிருப்போம். யார் வந்தோம், எப்ப வந்தோம், எப்ப கிளம்பினோம், கால் வீக்கமா இருந்துச்சு, மாத்திரை தீரப் போகுது, இவ்வளவுதான் எழுதுவோம். மாத்திரையை நாமளே பிரிச்சுக் குடுக்குறது, கீழ விழுந்தவங்களைத் தூக்கி உக்கார வைக்கிறது எதுவும் கிடையாது, 108க்கும் வீட்டுக்காரங்களுக்கும் போன் பண்ணிட்டு பக்கத்துல இருக்கணும். ஒரு வீட்டுல மோதிரம் காணாமப் போய் மருமக நேரா எங்களைக் கை காட்டிட்டாங்க. நோட்டைப் புரட்டினா அந்த வாரம் தெரு முழுக்க மழைத்தண்ணி நின்னதால நாங்க போகவே இல்ல. மோதிரம் கிடைச்சுதான்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லல, ஒரு சாரி கூட வரல.

இன்னொண்ணு, கேள்விக்கு சம்பந்தம் இல்லாம இருக்கலாம், ஆனா சொல்லாம விட மனசு வரல. இவங்கள்ல பாதிப் பேருக்கு ஆசையே ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வந்து திருவிருந்து எடுக்கணும்னுதான். வாசப்படியில ஒரு கைப்பிடியும் சாய்தளமும் போடுங்கன்னு கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப் போச்சு. அறுப்பின் பண்டிகையில காணிக்கையா வர்ற பொருளை ஏலம் விடுறப்ப ஒரு பூசணிக்காய் ஆயிரக்கணக்குல போகுது, புது சவுண்ட் சிஸ்டம் வந்துருச்சு, சாய்தளத்துக்கு மட்டும் ஃபண்ட் இல்லையாம்.

முக்கியமானதை விட்டுட்டேன் பாருங்க. உங்க சபை வாட்ஸ்அப் ஜெபக் குரூப்பைக் கொஞ்சம் மேல தள்ளிப் பாருங்க. "இன்னார் ஆன்ட்டிக்காக ஜெபிங்க, மகன் வெளிநாடு, தனியா இருக்காங்க, முட்டி ஆபரேஷன், எழுந்து நடக்க முடியல"ன்னு தெருப் பேரோட ஒரு மெசேஜாவது கண்டிப்பா இருக்கும். முந்நூறு பேர் இருக்குற குரூப், யார் யாரோ ஃபார்வர்டு பண்ணியிருப்பாங்க, தனியா இருக்குறது ஊருக்கே தெரிஞ்சா அவங்களுக்குத்தான் ஆபத்து. ஆள் அனுப்புற வேலையை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அட்மின்கிட்ட சொல்லி அதையெல்லாம் முடிஞ்ச வரைக்கும் அழிக்க வைங்க, அவர் இழுத்தடிச்சா நேரா ஆயர்கிட்ட போங்க.