பொருந்தாத எண்கள்

கேள்வி: 1873 மாடல் கோல்ட் ராணுவ ரிவால்வர் ஒன்று விலைக்கு வருகிறது. குழல் ஐந்தரை அங்குலம். ஒரே வரிசை எண் இருக்க வேண்டிய உறுப்புகளில் ஆளுக்கொரு எண். போலியா?

பதில்: அவசரப்படாதீர்கள். அமெரிக்கக் குதிரைப்படைக்கு வாங்கியபோது குழல் ஏழரை அங்குலம்தான். 1890களின் நடுவில் அவற்றைத் திரும்பப் பெற்று, குழலை வெட்டிப் பழுதுபார்த்தார்கள். கழற்றிய உறுப்புகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன; எண் பார்த்துப் பூட்ட யாருக்குப் பொறுமை? 'ஆர்ட்டிலரி மாடல்' என்று சேகரிப்பாளர்கள் சொல்வது இதைத்தான். எண் கலந்திருப்பது அதில் சகஜம்.

எனக்குப் பயம் ஏழரை அங்குலத்தில்தான். ராணுவத்துக்குப் போகாத சாதாரணத் துப்பாக்கியில் ராணுவச் சொத்தைக் காட்டும் 'யு.எஸ்.' முத்திரை குத்தி விற்பவர்கள் உண்டு. அதிலும் ராணுவத்துக்காகத் துப்பாக்கிகளைச் சோதித்த ஐன்ஸ்வொர்த்தின் 'ஓ.டபிள்யூ.ஏ.' எழுத்துகள் என்றால் விலை எகிறும். 1876இல் பூர்வகுடிகளோடு நடந்த புகழ்பெற்ற லிட்டில் பிக்ஹார்ன் போரில் தளபதி கஸ்டரின் ஏழாவது குதிரைப்படை வைத்திருந்தவை அவர் சோதித்த காலத்தவை. ஒருமுறை அப்படி ஒன்றைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். வால்நட் கைப்பிடி வழவழவென்று தேய்ந்திருந்தது. முத்திரை மட்டும் நேற்றுப் போட்டதுபோல் கூர்மை! சரி என்று தலையாட்டிவிட்டு நடையைக் கட்டினேன்.

அப்புறம், வாங்கினால் தயவுசெய்து பாலிஷ் போடாதீர்கள்.